நொடிக்கு ஒரு குமிழி

ஜூன் 3, திங்கள்

கோமளாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக எடுத்த ஒரு வார விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். ஆய்வகத்தில் என் மேசை இல்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் செவ்வகமாக, மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. இருபத்து மூன்று வருடம் யார் காலும் படாத தரை.

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் அந்த நேரத்தில் பியூரெட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹெச்.ஆர். மேனேஜர் எட்வின் வந்து என்னை வரவேற்பறைக்குக் கூட்டிப் போனார். அங்கே இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் காலமாகி அவர் மகன் எம்.டி. ஆனதும் வாங்கி வைத்தது. மஞ்சளாகிப்போன செடிகள், கண்ணாடியெல்லாம் பாசி, நடுவில் இருபத்திரண்டு நியான் டெட்ரா மீன்கள். பிறகு எண்ணித் தெரிந்துகொண்டேன்.

"எம்.டி. சிங்கப்பூர்ல ஒரு ஆபீஸ்ல பாத்தாராம் சார். தண்ணிக்குள்ள ஒரு காடே இருந்துச்சாம். கார்பன் டை ஆக்சைடு குடுத்தாத்தான் செடி அப்படி வளருமாம். கேஸ் சிலிண்டர்னா நம்ம கம்பெனில உங்கள விட்டா யாரு இருக்கா?"

அது உண்மைதான். "லேப்?" என்று கேட்டேன்.

"அத இப்ப செண்பகவல்லி மேடம் பாத்துக்குறாங்க. நீங்க நிம்மதியா இருங்க சார்."

கையில் உத்தரவைக் கொடுத்தார். மறு உத்தரவு வரும்வரை தொட்டியின் முழுப் பொறுப்பும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் பரந்தாமனாகிய என்னுடையது. வேலை நேரம் முழுவதும் நான் தொட்டியின் அருகிலேயே இருக்க வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

ஒரு நிர்வாகம் தன் முகப்பையே ஒருவனிடம் ஒப்படைக்கிறது என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்யும். வீட்டில் கோமளாவிடம் 'கேஸ் இன்ஜெக்‌ஷன் ப்ராஜெக்ட்' என்று சொன்னேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "அம்பத்தஞ்சு வயசுல புது ப்ராஜெக்டா! அப்ப உங்கள விடமாட்டாங்க" என்று சந்தோஷப்பட்டாள்.

ஜூன் 4, செவ்வாய்

தொட்டியை அளந்தேன். அறுபது, முப்பது, முப்பத்தாறு சென்டிமீட்டர். சரளைக்கற்கள் போக ஐம்பத்தெட்டு லிட்டர் தண்ணீர். செடிக்கு வேண்டியது மூன்று: வெளிச்சம், சத்து, கரியமில வாயு. இங்கே வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, வாயு இல்லை. செடியால் பயன்படுத்த முடியாத வெளிச்சத்தைப் பாசி தின்கிறது. எளிய விஷயம். யாராவது என்னைக் கேட்டிருந்தால் ஒரு வருடம் முன்பே சொல்லியிருப்பேன்.

எம்.டி. கடந்து போனார். எழுந்து குட் மார்னிங் சொன்னேன். காதில் போன் வைத்திருந்தார்.

ஜூன் 8, சனி

வேலை முடிந்து கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போனேன். ஒரு கடைக்காரர் விவரம் தெரிந்தவர். "சின்ன டேங்குக்கு சக்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலே போதும்னு சிலர் சொல்வாங்க சார். ஒரு நாள் நெறைய வரும், ஒரு நாள் வராது. அத நம்பி மீன வளக்க முடியாது. சிலிண்டர், ரெகுலேட்டர், அதான் சரி. ஆனா ஒண்ணு. செடிக்கு உயிரு குடுக்குற அதே கேஸு, கொஞ்சம் கூடிப்போச்சுன்னா மீனுக்கு மூச்சுமுட்டிடும். பக்கத்துலயே ஆளு இருக்கணும்."

ஆள் இருக்கிறேன் என்றேன்.

சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை எட்வின் திருப்பி அனுப்பிவிட்டார். 'இருப்பதைக் கொண்டு சமாளிக்கவும்.'

ஜூன் 12, புதன்

திங்களன்று, கோமளா வீட்டில் எடுத்துக் கொடுத்த சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, தண்ணீர் பாட்டில் மூடியில் துளையிட்டுக் குழாய் சொருகி, தொட்டிக்குள் விட்டேன். முதல் நாள் குமிழிகள் நன்றாக வந்தன. இரண்டாம் நாள் நுரை பொங்கிக் குழாய் வழியே இறங்கித் தண்ணீர் பால்போல் ஆயிற்று.

மெமோ வந்தது. 'வரவேற்பறையில் கள் வாடை வீசுவதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டுள்ளனர். விளக்கம் தேவை.' நொதித்தலின் சமன்பாட்டோடு இரண்டு பக்க விளக்கம் எழுதினேன். எட்வின் அதைப் படிக்காமலே வாங்கி ஃபைலில் வைத்தார். ஃபைல் புதியது. மேலே என் பெயர் இருந்தது.

ஜூன் 19, புதன்

சிலிண்டர் வந்துவிட்டது! ஜூலையில் ஜப்பானியர் சிலர் வருகிறார்களாம். அதனால் எம்.டி. அவசரப்படுத்தியிருக்கிறார்.

முழங்கால் உயரச் சிலிண்டர். அதன் தலையில் இரண்டு மீட்டர் கொண்ட ரெகுலேட்டர். ஒன்று சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் மற்றொன்று வெளியே வரும் அழுத்தத்தையும் காட்டும். பிறகு மின்சார வால்வு. விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் அது வாயுவைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் இருட்டில் செடி இந்த வாயுவை எடுத்துக்கொள்ளாது. ஆகவே டைமரில் மாட்டினேன். அதன்பின் ஊசி வால்வு, குமிழிகளை எண்ணுவதற்கு நீர் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. கடைசியாக, தொட்டியின் அடியில் வாயுவைப் பொடிப்பொடிக் குமிழிகளாக்கும் வெள்ளைப் பீங்கான் வில்லை. எல்லா மூட்டுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். எங்கும் இல்லை.

மூன்று மணிக்குச் செண்பகவல்லி வந்தாள். ஆய்வகத்திலிருந்து இந்தப் பதினாறு நாளில் என்னைப் பார்க்க வந்த முதல் ஆள். பதினெட்டு வருடம் எனக்குக் கீழே வேலை செய்தவள். கைக்குட்டையில் சுற்றிய சின்னப் பாட்டில் ஒன்றை ஸ்டூலில் வைத்தாள். புரோமோதைமால் புளூ.

"கலர் பாக்காம கேஸ் விடாதீங்க சார். இதக் குப்பில ஊத்தித் தொட்டிக்குள்ள தொங்கவிடுங்க. பச்சையா இருந்தா சரி. மஞ்சளாச்சுன்னா மீனு போயிடும். ஸ்லிப்பு போட்டா எட்வின் சார் தரமாட்டாரு. நான் எடுத்துட்டு வந்தேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்வேனா?" என்றேன்.

போகும்போது, "நீலாவதிக்கு அந்த ஸ்டோர்ல ஒரு ஃபேன்கூட கிடையாது. உங்களுக்கு ஏசியாவது இருக்கு சார்" என்றாள். கேலியா ஆறுதலா என்று தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஆய்வகத்தில் இருந்த நீலாவதியின் விஷயம் முற்றிலும் வேறு.

ஜூன் 20, வியாழன்

நொடிக்கு ஒரு குமிழி. தொட்டிக்குள் தொங்கவிட்ட குப்பியின் நிறம் 12.10க்கு நீலத்திலிருந்து பச்சையாக மாறியது. சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். ரிசப்ஷன் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 27, வியாழன்

இரண்டு புதிய உத்தரவுகள்.

ஒன்று: அரை மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் முழுவதும் குமிழிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மாலையில் எட்வின் கையெழுத்திடுவார். இரண்டு: என் சாப்பாட்டு நேரம் இரண்டரைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டரைக்குக் கேன்டீன் மேசைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வரவேற்பறையில் சாப்பிடக் கூடாது. சைக்கிள் ஸ்டாண்டில் நல்ல காற்று வருகிறது.

பதிவேட்டு யோசனையில் தவறு சொல்ல முடியாது. அளவீடு என்றால் இடைவெளி இருக்க வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

இன்று பகல் ஒன்றரை மணிக்கு இலைகளில் முத்துப் பூத்தது. செடி நிறைவாக வாயுவை எடுத்துக்கொண்டால் ஆக்சிஜனை வெளியே விடும். அது இலை விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு மணிமணியாகக் கோத்து நின்று, பிறகு ஒவ்வொன்றாக மேலே போகும். மஞ்சளாய்க் கிடந்ததெல்லாம் பச்சை. மீன்கள் அந்தப் பச்சைக்குள் கூட்டமாகத் திரும்பும்போது இருபத்திரண்டு நீலக் கோடுகளும் ஒரே கோடாகத் தெரிகின்றன. அரை மணி எண்ணிக்கை ஒன்றைத் தவறவிட்டேன். 'அறுபது' என்று எழுதிவிட்டேன். என் பணிக்காலத்தில் அளக்காமல் எழுதிய எண் இது ஒன்றுதான். ஒன்றிரண்டு.

ஜப்பானியர்கள் குனிந்து குனிந்து படம் எடுத்தார்கள். எம்.டி. என்னைக் காட்டி, "மை ஃபிஷ் மேன்" என்றார். அவர்கள் எனக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். நானும் குனிந்தேன்.

ஜூலை 11, வியாழன்

எட்வின் இன்று தன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் மேசையில் இருந்தன.

"ஒரு வரி போதும் சார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' மரியாதையா ஒரு மாலை போட்டு அனுப்புறோம்."

"நான் என்ன தப்பு பண்ணேன் எட்வின்?"

"தப்பு ஒண்ணுமில்ல. அதுதான் சார் பிரச்சனை. தப்பு இருந்தா நாங்களே அனுப்பிருவோமே. உங்க வயசுக்காரங்க எல்லாரையும் எம்.டி. மாத்தணும்கிறாரு. நீங்களாப் போனாத்தான் கம்பெனிக்கு நல்லது."

"இப்படி ஸ்டூல்ல உக்கார வச்சா நான் போயிடுவேன்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" கோபத்தில் ஒருமை வந்துவிட்டது.

எட்வின் சிரிக்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டதுபோல் பார்த்தார்.

"என்ன சார் மறந்துட்டீங்க? நீங்கதான்."

இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். நீலாவதி, ஆய்வாளர். ஆறு வருடத்துக்கு முந்தையது. அப்போது எட்வின் ஹெச்.ஆரில் சேர்ந்து நாலு மாதம்.

"அந்தம்மாவ எப்படி அனுப்புறதுன்னு தெரியாம நான் முழிச்சுட்டிருந்தப்ப, நீங்கதான் வந்து உக்காந்து டிக்டேட் பண்ணீங்க. டேபிள எடு. லேப் சாவிய வாங்கு. ஸ்டோர்ல காலி பாட்டில் எண்ணச் சொல்லு. அரை மணிக்கு ஒரு தடவ ரிஜிஸ்டர்ல எழுதச் சொல்லு. சாப்பாட்டு நேரத்த மாத்து. 'திட்டாத, ஒரு வார்த்த கெட்டதாப் பேசாத, எல்லாத்தையும் எழுத்துல குடு'ன்னு சொன்னீங்க. நான் எதையும் புதுசா யோசிக்கல சார். பேர மட்டும் மாத்தினேன்."

டீ ஆறிவிட்டது. நான் குடித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

நீலாவதி என் சோதனை முடிவு தவறு என்று என்னிடம் சொல்லாமல் பெரியவரிடம் நேராகப் போய்ச் சொன்னாள். அவள் சொன்னது சரி என்பது வேறு விஷயம். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

ஏழு மாதம் எண்ணினாள். கடைசி நாளில் பதிவேட்டை என் மேசையில் வைத்தபோது எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் சரிபார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

காலை எட்டரை. கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிட்டது. மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்தட்டில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. குப்பி மஞ்சள். எலுமிச்சம்பழ மஞ்சள். பீங்கான் வில்லையிலிருந்து குமிழிகள் கயிறுபோல் ஏறிக்கொண்டிருந்தன. டைமரைக் காணோம். மின்சார வால்வு நேராகச் சுவரில் சொருகியிருந்தது. சனிக்கிழமை மாலை நான் மாட்டிவிட்டுப் போனது டைமரில். ஊசி வால்வும் திறந்திருந்தது.

சிலிண்டரை மூடினேன். வாளி வாளியாகப் பாதித் தண்ணீரை மாற்றினேன். வாட்ச்மேன் கோதண்டம் ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருக் கடையிலிருந்து காற்று மோட்டார் வாங்கிவந்தார். ஓடவிட்டேன். சிலது நிமிர்ந்தன. சிலது ஒரு பக்கமாகச் சாய்ந்து, செவுள் மட்டும் அசைந்து, பிறகு அதுவும் நின்றது. கையால் தாங்கிக் காற்றுக்குழாய் அருகில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மீனுக்கு என் உள்ளங்கையிலேயே நிறம் போயிற்று. அந்த நீலக் கோடு முதலில் மங்குகிறது. இது எனக்குத் தெரியாது.

பதினான்கு செத்தன.

ஜூலை 16, செவ்வாய்

மெமோ எண் நான்கு: கவனக்குறைவு. எம்.டி.யின் வாய்மொழி உத்தரவு: செத்த மீன்களை வெள்ளைத்தாளில் வரிசையாக அடுக்கி, எண் போட்டு, நான் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தை வரவேற்பறைப் பலகையில் ஒரு வாரம் ஒட்டிவைப்பார்களாம். 'மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்காக.'

ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டேன். ரிசப்ஷன் பெண் படம் எடுத்தாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் சார், முகம் தெரியல" என்றாள்.

மாலையில் கேட்டருகே கோதண்டம், "ஞாயித்துக்கெழம எட்வின் சார் வந்து பத்து நிமிசம் இருந்துட்டுப் போனாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சாமி" என்றார். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்கு வர ஒருவருக்கு ஆயிரம் வேலை இருக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

எட்வின் அறை. இன்றும் டீ.

"இந்த நீலக் கலர் மருந்து உங்களுக்கு எப்படி வந்துச்சு சார்? லேப்ல ஸ்லிப்பே இல்லையே."

டீயைத் தள்ளி வைத்தேன்.

"உங்கள மாட்டிவிடுறதுக்குக் கேக்கல. செண்பகவல்லி மேடம் ஒரு பேட்ச்சுக்குச் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு ஒரு வாரமா அடம்பிடிக்குறாங்க. சிட்ரிக் ஆசிட், நானூத்திப் பதினேழு. ஜூஸ் கம்பெனிக்குப் போக வேண்டியது. ஈயம் ஏதோ கொஞ்சம் கூட இருக்காம். நீங்க லேப்ல இருந்தா இந்தத் தொந்தரவு எங்களுக்கு வருமா?"

டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"யாரு குடுத்தாங்கன்னு எழுதிக் குடுங்க. உங்க டேபிள் குடோன்லதான் இருக்கு. துடைச்சுக்கூட வச்சிருக்கேன்."

ஜூலை 20, சனி

மிச்சம் எட்டு மீன்கள். எண்ணிக்கை: அறுபது, அறுபத்தொன்று, அறுபது, அறுபது.

செண்பகவல்லிக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். கணவன் துபாயில் இருந்து திரும்பி வந்து வீட்டில்தான் இருக்கிறான். அவளுக்கு நாற்பத்து மூன்று வயதுதான். எங்கேயும் வேலை கிடைக்கும். எனக்கு அப்படியில்லை. இது சுயநலமல்ல, வயதுக் கணக்கு.

ஜூலை 22, திங்கள்

எழுதிக் கொடுத்தேன். நடந்ததை மட்டும்தான் எழுதினேன். தேதி, நேரம், பாட்டிலின் அளவு, கைக்குட்டையில் சுற்றியிருந்தது. கூட்டியோ குறைத்தோ ஒரு சொல் எழுதவில்லை. 'திருட்டு' என்ற சொல்லை எட்வின்தான் பின்னால் சேர்த்தார்.

ஜூலை 24, புதன்

என் மேசை! அதே இடத்தில். இழுப்பறையில் என் பழைய கால்குலேட்டர்கூட இருந்தது. சாவி என் கையில்.

பேட்ச் 417ன் அறிக்கையைப் பார்த்தேன். செண்பகவல்லி மூன்று முறை சோதித்திருக்கிறாள். மூன்று முறையும் ஈயம் வரம்பைத் தாண்டியிருக்கிறது. ஆனால் கருவிக்கு என்று ஒரு பிழை இருக்கிறது. அதைக் கழித்தால், வரம்பின் மேல்கோட்டில் நிற்கிறது என்று சொல்லலாம். நான்காவது முறை சோதிக்க நேரமில்லை, லாரி நின்றுகொண்டிருந்தது. கையெழுத்திட்டேன். எட்வின் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

மாலையில் மறுபடி வந்தார். செண்பகவல்லியைத் தொட்டிக்கு மாற்றும் உத்தரவு. "மொழிநடை மட்டும் பாத்துக் குடுங்க சார்." இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். 'தேவைப்படும்போது' என்றிருந்த இடத்தில் 'அரை மணிக்கு ஒருமுறை' என்று மாற்றினேன். தெளிவில்லாத உத்தரவு யாருக்கும் நல்லதல்ல.

ஜூலை 29, திங்கள்

தொட்டியை ஒப்படைக்க எட்வினோடு நானும் போக வேண்டியிருந்தது. செண்பகவல்லி உத்தரவை நின்றபடியே படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு, நாலாக மடித்தாள்.

"இது உங்க தமிழ் சார்," என்றாள்.

நான் ரெகுலேட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. குனிந்து சிலிண்டரை மூடினாள். காற்று மோட்டாரைப் போட்டுவிட்டாள். மீன்கள் அதன் பக்கம் வரும்வரை நின்று பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற? ஆர்டர் வாங்கிட்டல்ல?" என்று எட்வின் கேட்டார்.

"வீட்டுக்கு. ராஜினாமாவத் தபால்ல அனுப்புறேன். உங்க ஸ்டூல்ல நான் உக்கார மாட்டேன்."

"யோசிச்சுப் பேசும்மா."

"நீலாவதி ஏழு மாசம் யோசிச்சா. அப்ப நான் லேப்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு பியூரெட்டப் பாத்துட்டு இருந்தேன். அது போதும்."

என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அந்த பேட்ச்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"கருவியோட பிழையக் கழிச்சுப் பாத்தா..."

"கருவியத் தப்பு சொல்லாதீங்க," என்றாள். "எம் புள்ளைங்க குடிக்கிற ஜூஸு அது."

வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிற வகை. மூட நேரம் எடுத்தது.

ஆகஸ்ட் 1, வியாழன்

தொட்டிக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எட்வின் சொன்னார். பிறகு லேப். ஒப்புக்கொண்டேன். ஒரு தலைவன் எல்லா வேலையும் தெரிந்தவனாக இருப்பதில் தவறில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதியம் முழுவதும் இன்னும் இரண்டு சான்றிதழ்கள். ஆய்வகத்தில் நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. மீன் ஆறு.

ஆகஸ்ட் 14, புதன்

மீன் ஆறு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றே காலுக்கு எட்வின் அழைத்தார். இந்த முறை எம்.டி.யும் இருந்தார். டீ இல்லை. மேசைமேல் ஜூஸ் கம்பெனியின் கடிதம். பேட்ச் 417ஐ அவர்கள் வெளியே இரண்டு இடங்களில் சோதித்திருக்கிறார்கள். ஈயம் வரம்பைவிட மிக அதிகம். மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன. கையெழுத்திட்டவர்மீது எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

எம்.டி. என்னை நேராகப் பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் முதல்முறை. "ஈயம் இருக்கறது தெரிஞ்சே எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க? மனசாட்சி இருக்கா?"

"எட்வின் சொல்லித்தான்..."

"நான் சொன்னேன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றார் எட்வின்.

எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் அந்த அறையில் என்னிடம் சொன்ன எதுவுமே எழுத்தில் இல்லை. நான் கொடுத்தது எல்லாமே எழுத்தில் இருந்தது. கள் வாடைக்கு இரண்டு பக்கம், பதினான்கு மீன்களுக்கு மூன்று பக்கம், செண்பகவல்லிக்கு ஒரு பக்கம், 417க்கு ஒரு கையெழுத்து. எட்வின் அந்தப் புது ஃபைலைத் திறந்து வரிசையாகக் காட்டினார். நல்ல பருமனாகியிருந்தது.

"அன்னிக்கு ஒரு வரி கேட்டேன். குடுக்கல. இனிமே நீங்க எதுவும் எழுதிக் குடுக்க வேணாம் சார்."

பணிநீக்க உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை. யாரிடமோ மொழிநடை பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்டில் கோதண்டம் என் பையைச் சோதிக்க வேண்டியிருந்தது. டிபன் பாக்ஸையும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். எலுமிச்சைச் சாதம். மூடி சரியாக மூடவில்லை. அவர் இரண்டு கையாலும் அழுத்தி மூடிக் கொடுத்தார். "பஸ்ஸு இப்ப வரும் சாமி" என்றார்.

பஸ் வர நாற்பது நிமிடமாயிற்று.

மூன்று மணிக்கு என்னை வாசலில் பார்த்ததும் கோமளா பயந்துவிட்டாள். "என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"ப்ராஜெக்ட் முடிஞ்சுது. அதான் சீக்கிரம் விட்டாங்க."

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"நல்லபடியா."

வெள்ளிக்கிழமை வேறு என்று சொல்லிச் சேமியா பாயசம் வைத்தாள். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது அவளுக்கு. முந்திரியை ஒவ்வொன்றாகப் பார்த்து வறுத்தாள். ஒரு டம்ளரில் ஊற்றி எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனாள். கதவு திறந்திருந்ததால் அவள் பேசியது எனக்குக் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு ப்ராஜெக்ட்ட முடிச்சுட்டாரு. மூணு மாசமா ஒரு நாள்கூட சிரிச்சு நான் பாக்கல. அப்படி ஒழைச்சாரு."

திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அடுத்து என்ன ப்ராஜெக்ட் குடுக்கப் போறாங்களாம்?"

டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்று என்றேன்.